உடல்நலப் பாடம்: ஒழுங்கற்ற இருதயத் துடிப்பும் இரத்தம் உறையாமல் தடுக்கும் குளிசைகளும்



சென்ற இதழில் நீரிழிவு பற்றி எழுதியிருந்தோம். அதை வாசித்துவிட்டு, வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து பிரசாதத்துக்கு நின்ற இடத்தில் எம்முடன் பேசியவர்களிற் பலர் நீரிழிவைப் பற்றிக் கேட்கவில்லை. "இரத்தத்தைத் தண்ணியாக்கிற குளிசை தந்திருக்கினம். அது எலிப் பாஷாணமாமே, போடலாமோ?" என்பதே அவர்களுடைய கேள்வியாக இருந்தது. சிலர் தமக்காகக் கேட்டார்கள். வேறு சிலர் தாம் வேலை செய்யும் வீட்டு முதியவருக்காகக் கேட்டார்கள். 1980களில் பலெர்மோவுக்கு வந்து சேர்ந்த எம்மவர்களிற் பலர் இன்று அறுபதைக் கடந்துவிட்டார்கள். இன்னும் எத்தனையோ பேர் இந்நகரத்து நொன்னாமாரையும் நொன்னோமாரையும் பராமரித்து, காலையும் மாலையும் அவர்களுக்குக் குளிசை எடுத்துக் கொடுக்கிறார்கள். ஆகையால் இப்பாடம் இரு சாராருக்கும் உரியது.

முதலில் நோயைப் பார்ப்போம். எமது இருதயத்தின் மேலே இரண்டு சோணையறைகளும் கீழே இரண்டு இதயவறைகளும் உள்ளன. மேலறைகள் ஒழுங்காகச் சுருங்கி இரத்தத்தைக் கீழே தள்ள வேண்டும். சிலருக்கு, முக்கியமாக வயது ஏறும்போது, மேலறைகளில் மின்னோட்டம் குழம்பி, அவை சுருங்காமல் வெறுமனே நடுங்கத் தொடங்குகின்றன. இதனையே இங்குள்ள வைத்தியர்கள் பிப்ரில்லாசியோனே அத்ரியாலே என்பார்கள். சிலருக்கு நெஞ்சு படபடக்கும். செப்டெம்பரில் சாந்தா ரொசாலியா அம்மையாரின் மலைக்கு நடந்து ஏறும்போது, போன வருடம் இல்லாத இளைப்பு இந்த வருடம் வரும். பலருக்கு எதுவுமே தெரியாது. மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து ஒரு நிமிடம் நாடியை எண்ணிப் பாருங்கள். தாளம் தவறிய மத்தளம் போல அது ஒழுங்கில்லாமல் அடித்தால் வைத்தியரிடம் சென்று ஈ.சி.ஜி. எடுப்பிக்க வேண்டும்.

படபடப்பைவிடப் பெரிய ஆபத்து வேறு ஒன்று. நடுங்கும் அறையில் இரத்தம் தேங்குகிறது. இடது சோணையறையின் ஓரத்தில் ஒரு சிறு பை போன்ற பகுதி இருக்கிறது. தேங்கிய இரத்தம் பெரும்பாலும் அங்கேதான் உறைந்து கட்டியாகிறது. அந்தக் கட்டி ஒருநாள் புறப்பட்டு மூளைக்குப் போகும் இரத்தக் குழாயை அடைத்தால் பாரிசவாதம். அமெரிக்காவின் பிரமிங்ஹாம் என்னும் ஊரில் பல்லாண்டுகள் நடந்த ஆய்வின்படி (1991), இந்நோய் உள்ளவருக்குப் பாரிசவாதம் வரும் வாய்ப்பு ஏனையோரிலும் ஏறக்குறைய ஐந்து மடங்கு. இப்படி வரும் பாரிசவாதம் பெரும்பாலும் கடுமையானதாகவும் இருக்கும்.

எமது அன்பர் ஒருவரின் கதையை அவருடைய சம்மதத்துடன் இங்கே எழுதுகிறோம். அண்ணருக்கு அப்போது 66 வயது. பிறசரும் நீரிழிவும் உண்டு. இந்தக் குளிசையை ஒன்றரை வருடம் தவறாமல் போட்டு வந்தார். நல்லூர்த் திருவிழாவுக்கென யாழ்ப்பாணம் போன இடத்தில் சொந்தக்காரர் ஒருவர், "இது எலி மருந்து, இவ்வளவு சுகமாக இருக்கிற உனக்கு ஏன்?" என்று கேட்டிருக்கிறார். கொண்டுபோன குளிசையும் முடியும் தறுவாயில் இருந்தது. விட்டுவிட்டார். திரும்பி வந்த மூன்றாம் கிழமை, காலையில் தேநீர்க் கோப்பையைப் பிடித்த கை அதை விட்டுவிட்டது. இன்று அவர் கோயிலுக்கு வருகிறார். வலது கையால் விபூதி எடுக்க இயலாது. இடது கையால் எடுக்க அவருக்கு மனம் வருவதில்லை. மனைவி எடுத்துப் பூசிவிடுகிறார்.

அந்த எலி மருந்துக் கதை பொய்யல்ல, ஆனால் பாதிக் கதை. 1920களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் பழுதடைந்த ஒருவகைத் தீவனப் புல்லைத் தின்ற மாடுகள் இரத்தம் உறையாமல் செத்தன. 1933ஆம் ஆண்டு பெப்ரவரியில், விஸ்கான்சின் மாநிலத்து விவசாயி ஒருவர் பனிப்புயலுக்குள் உறையாத இரத்தத்தை ஒரு பால் வாளியில் எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே கார்ல் பவுல் லிங்க் என்னும் இரசாயனவியலாளரின் கூடத்தில் அதன் காரணப் பொருளைக் கண்டுபிடித்தார்கள். அதன் வழிவந்த வார்பரின் 1948இல் எலி மருந்தாகவும் 1954இல் மனிதருக்கான மருந்தாகவும் வந்தது. அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கே 1955இல் மாரடைப்பின் பின் இதைக் கொடுத்தார்கள். எலியைக் கொல்வது அளவு மீறிய மருந்து. மனிதரைக் காப்பது அளந்து கொடுத்த மருந்து. ஆகவே இந்த மருந்தில் அளவுதான் எல்லாம்.

யாருக்கு இது தேவை? அதை ஊகத்தில் தீர்மானிப்பதில்லை. ஐரோப்பிய இருதயவியல் சங்கம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கிறது. 2024இல் திருத்திய நெறியின்படி வைத்தியர் புள்ளி போடுவார். இருதயம் பலவீனமாகியிருந்தால் 1, இரத்த அழுத்தத்துக்கு 1, நீரிழிவுக்கு 1, முன்னர் மாரடைப்பு அல்லது கால் இரத்தக் குழாய் அடைப்பு இருந்தால் 1, வயது 65 முதல் 74 வரை 1, 75உம் அதற்கு மேலும் 2, முன்னர் பாரிசவாதம் வந்திருந்தால் 2. மொத்தம் 2 அல்லது அதற்கு மேல் என்றால் குளிசை வேண்டும். 1 என்றால் வைத்தியரும் நோயாளியும் கலந்து பேசி முடிவெடுப்பார்கள், பெரும்பாலும் கொடுக்கும் பக்கமே சாய்வார்கள். பெண்களுக்கென முன்பு ஒரு புள்ளி தனியாக இருந்தது. 2024இல் அதை எடுத்துவிட்டார்கள். மேலே சொன்ன அண்ணருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வயதுக்கு 1, பிறசருக்கு 1, நீரிழிவுக்கு 1, ஆக 3. "சுகமாக இருக்கிறேன்" என்பதற்கு அந்தக் கணக்கில் கழித்தல் கிடையாது. படபடப்பு நின்றுவிட்டது என்பதற்கும் கிடையாது.

இங்கே ஒரு பெரிய தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். "இது கடுமையான மருந்து, வயதானவருக்குக் கார்டியோ அஸ்பிரின் போதும்" என்று பலர் நினைக்கிறார்கள். 1989இல் வெளிவந்த கோப்பன்ஹேகன் ஆய்விலிருந்து பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், வார்பரின் பாரிசவாதத்தை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைக்கிறது. அஸ்பிரின் குறைப்பது ஐந்தில் ஒரு பங்கு அளவே. 2007இல் இங்கிலாந்தில் 75 வயதுக்கு மேற்பட்ட 973 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டபோதும் வார்பரினே வென்றது. அஸ்பிரின் எடுத்தவர்களுக்குக் கடும் இரத்தப்போக்கு அதைவிடக் குறைவாக இருக்கவும் இல்லை. அதனால்தான் இந்நோய்க்கு அஸ்பிரினை மாற்று மருந்தாகக் கொடுக்க வேண்டாம் என்று வழிகாட்டு நெறி சொல்கிறது. வேறு இருதய நோய்க்காக அஸ்பிரின் எடுப்பவர்களின் கதை வேறு. அவர்கள் இதை வாசித்துவிட்டு நிறுத்திவிட வேண்டாம்.

இத்தாலியில் பழைய வகை மருந்து கூமதின், சிந்துரோம் என்னும் பெயர்களில் வருகிறது. இவற்றை எடுப்பவர்கள் ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனையைச் செய்துகொண்டே இருக்க வேண்டும். குளிசை எடுக்காத சுகதேகிக்கு அது 1 அளவில் இருக்கும். இந்நோயாளிக்கு 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். 2க்குக் கீழே போனால் காவல் போதாது. மேலே ஏற ஏற இரத்தம் போகும் ஆபத்து. 1983இல் உலக சுகாதார நிறுவனம் இந்த அளவுமுறையைக் கொண்டுவந்ததால், பலெர்மோவில் எடுத்த எண்ணும் யாழ்ப்பாணத்தில் எடுத்த எண்ணும் ஒன்றுதான். பயணம் போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஒழுங்காகக் கண்காணித்தால் என்ன நடக்கும் என்பதற்கு இத்தாலியிலேயே நல்ல சான்று உண்டு. இங்குள்ள சிகிச்சை நிலையங்கள் பல சேர்ந்து 2745 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 1996இல் முடிவை வெளியிட்டன. வருடத்துக்கு 100 பேரில் ஏறக்குறைய ஒருவருக்கே பெரிய இரத்தப்போக்கு ஏற்பட்டது. ஆபத்துக் கூடியது முதல் மூன்று மாதங்களிலும், எண் 4.5ஐத் தாண்டியபோதும், 70 வயதுக்கு மேற்பட்டவர்களிடமுமே.

இனி, பிறர் வீட்டில் குளிசை எடுத்துக் கொடுப்பவர்கள் கூர்ந்து வாசிக்க வேண்டிய பகுதி. எங்கள் அக்கா ஒருவர் 84 வயதுச் சின்யோரா ஒருவரைப் பராமரித்து வந்தார். சிந்துரோம் 1 மில்லிகிராமிலும் 4 மில்லிகிராமிலும் இரண்டு பெட்டியாக வரும். வைத்தியரின் கடதாசி 1 மில்லிகிராம் குளிசையை வைத்து எழுதப்பட்டிருந்தது. அது முடிந்ததும் மகள் அவசரத்தில் வாங்கி வந்து வைத்தது 4 மில்லிகிராம் பெட்டி. அக்கா கடதாசியில் உள்ளபடியே எண்ணிக் கொடுத்தார். அதாவது நாலு மடங்கு. ஐந்தாம் நாள் சின்யோராவின் முரசில் இரத்தம் கசிந்தது, கையில் நீலத் தழும்புகள். பரிசோதித்தபோது எண் 8ஐத் தாண்டியிருந்தது. உடனே கவனித்து விற்றமின் கே கொடுத்ததால் அம்மையார் தப்பினார். தன்னைப் பொலிஸ் பிடித்துவிடும் என்று அக்கா அந்தக் கிழமை முழுவதும் நித்திரை கொள்ளவில்லை. அவர் செய்த பிழை ஒன்றே: பெட்டியின் மேல் உள்ள எண்ணைப் பார்க்கவில்லை. அதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததும் இல்லை.

ஆகவே புதுப் பெட்டி வரும் ஒவ்வொரு முறையும் பெயரையும் மில்லிகிராமையும் கடதாசியுடன் ஒப்பிடுங்கள். கடதாசியில் உன் குவார்த்தோ என்றால் கால், மெத்சா என்றால் அரை, த்ரே குவார்த்தி என்றால் முக்கால், அ ஜோர்னி அல்தேர்னி என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள். யாராவது தொலைபேசியில் அளவை மாற்றச் சொன்னால் எழுதித் தரும்படி பணிவாகக் கேளுங்கள். கொடுக்கத் தவறிய நாளைத் தவறியதென்றே கொப்பியில் குறியுங்கள். வீட்டுக்காரர் ஏசுவார் என்று பயந்து "கொடுத்தேன்" என எழுதிவிட்டால், வைத்தியர் அந்தப் பொய்க் கணக்கை நம்பி அளவைக் கூட்டிவிடுவார். (எம்மவர் பலர் போய்வரும் பொலிக்கிளினிக்கோவுக்குப் பெயர் தந்த பேராசிரியர் பாவ்லோ ஜக்கோனே, கைரேகை பற்றிய தமது அறிக்கையை மாற்றி எழுத மறுத்ததற்காக 1982 ஓகஸ்ட் 11இல் அதே வளாகத்தில் மாபியாவாற் சுடப்பட்டவர். அவர் பெயரை நாம் தினமும் சொல்கிறோம், பலருக்குக் கதை தெரியாது.)

உணவைப் பற்றி ஒரு சொல். கீரை வகைகளில் விற்றமின் கே உண்டு. அது கூமதினுக்கும் சிந்துரோமுக்கும் எதிராக வேலை செய்யும். அதற்காக முருங்கையிலை வறையையும் வல்லாரைச் சம்பலையும் விட்டுவிடச் சொல்லவில்லை. பல்லரோச் சந்தையில் கோடையில் கட்டுக்கட்டாக விற்கும் தெனெருமி எமது சுரைக்கொடியின் கொழுந்துதான், அதையும் சாப்பிடலாம். கிழமைக்குக் கிழமை ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தாற் போதும். ஒரு மாதம் கீரையே தொடாமல் இருந்துவிட்டு அடுத்த மாதம் தினமும் சாப்பிட்டால்தான் எண் ஆடும்.

புதிய வகைக் குளிசைகள் 2009 முதல் 2013 வரை வெளிவந்த ஆய்வுகளின் பின் பழக்கத்துக்கு வந்தன. ப்ரதாக்சா, சரெல்தோ, எலிக்குயிஸ், லிக்சியானா என்பவை அவை. இவற்றுக்கு ஐ.என்.ஆர். பார்க்கத் தேவையில்லை, கீரைக் கணக்கும் இல்லை. மூளைக்குள் இரத்தம் கசியும் ஆபத்து வார்பரினில் உள்ளதன் பாதி அளவே. அதனால் பெரும்பாலானோருக்கு இவற்றையே முதலில் கொடுக்கும்படி நெறி சொல்கிறது. 2020இல் இத்தாலிய மருந்துகள் முகவரகத்தின் 97ஆம் குறிப்பு வந்தபின், விசேட வைத்தியர் மட்டுமன்றி எமது மெடிக்கோ டி பாசேயும் இவற்றை எழுதலாம் என்றாயிற்று.

ஆனால் எல்லாருக்கும் அல்ல. செயற்கை உலோக வால்வு பொருத்தியவர்களுக்கு இவை ஆகாது. சிறுவயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து இருதய வால்வு சுருங்கியவர்களும் பழைய மருந்திலேயே இருக்க வேண்டும். ஊரில் பிறந்து வளர்ந்த எம்மவர்களிடம் இந்த வால்வு நோய் இத்தாலியரைவிட அதிகம் காணப்படுகிறது. 24 நாடுகளில் 4500க்கு மேற்பட்டோரிடம் நடந்து 2022இல் வெளிவந்த ஆய்வு, இவர்களுக்குச் சரெல்தோவைவிடப் பழைய மருந்தே உயிரைக் காக்கிறது என்று காட்டியது. அதனை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் டெல்லி அகில இந்திய மருத்துவக் கழகத்தைச் சேர்ந்த கணேசன் கார்த்திகேயன். பக்கத்து வீட்டுக்காரர் புதுக் குளிசைக்கு மாறிவிட்டார், எனக்கு மட்டும் ஏன் இன்னும் கூமதின் என்று மனக்குறைப்படுகிறவர்கள் தமது வால்வைப் பற்றி வைத்தியரிடம் கேட்டறிவது நல்லது.

புதுக் குளிசையில் நடக்கும் பிழை வேறு விதமானது. எண் பார்ப்பதில்லை என்பதால் மறதி வந்துவிடுகிறது. இதன் காவல் ஒருநாளைக்கு மேல் நில்லாது. இருநேரக் குளிசையை மறந்தால் ஆறு மணித்தியாலத்துக்குள் நினைவு வந்தாற் போடலாம், ஒருநேரக் குளிசையென்றால் 12 மணித்தியாலத்துக்குள். அதற்கும் பிந்தினால் அந்த நேரத்தை விட்டுவிட்டு அடுத்ததைப் போடுவது. இரட்டிப்பாகப் போடுவது ஒருபோதும் வேண்டாம். சரெல்தோவைச் சாப்பாட்டுடன் எடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் எடுத்தால் சரியாகச் சேராது. ப்ரதாக்சாக் கூட்டை உடைத்துக் கஞ்சியிற் கலக்கக் கூடாது, அதன் சொந்தப் பெட்டியை விட்டு வேறு டப்பாவில் போட்டு வைக்கவும் கூடாது. சிறுநீரகப் பரிசோதனை வருடத்துக்கு ஒரு தடவையாவது வேண்டும், 75ஐத் தாண்டியவர்களுக்கு அதைவிட அடிக்கடி.

இன்னொன்று, "வயது போனவர்தானே" என்று அளவைக் குறைத்துவிடுவது. எலிக்குயிஸை எடுத்துக்கொள்வோம். வழமையான அளவு 5 மில்லிகிராம் இருநேரம். மூன்று காரணங்களில் இரண்டு இருந்தால்தான் 2.5. அவையாவன: வயது 80 அல்லது மேல், நிறை 60 கிலோ அல்லது கீழ், இரத்தத்தில் கிரியற்றினின் 1.5 அல்லது மேல். 83 வயது, 75 கிலோ, சிறுநீரகம் நல்ல நிலை என்றால் ஒரு காரணம்தான் இருக்கிறது. குறைத்த அளவால் இரத்தப்போக்கு குறையும் என்ற உறுதி இல்லை, பாரிசவாதக் காவல் மட்டும் குறையலாம். உங்கள் வீட்டிலோ வேலை செய்யும் இடத்திலோ கணக்குப் பொருந்தவில்லை என்று தோன்றினால் நீங்களாக மாற்ற வேண்டாம். அடுத்த தடவை ரிச்செத்தா எடுக்கப் போகும்போது வைத்தியரிடம் கேளுங்கள்.

"அம்மா அடிக்கடி விழுகிறா, அதனால் நிறுத்திவிட்டோம்" என்பது பல வீடுகளிற் கேட்கும் பேச்சு. பயம் நியாயமானதே. ஆயினும் 1999இல் கனடிய வைத்தியர்கள் கணக்கிட்டுப் பார்த்ததில், வார்பரின் எடுக்கும் சராசரி முதியவர் ஒருவர் வருடத்தில் 295 தடவை விழுந்தால்தான், விழுவதால் வரும் கேடு குளிசையின் நன்மையை மிஞ்சும் என்று கண்டார்கள். அது கணக்கு மட்டுமே, ஒவ்வொருவரின் உடலும் வேறு. என்றாலும் குளிசையை நிறுத்துமுன் வழுக்கும் தரைவிரிப்பை எடுத்துவிடலாம், இரவில் குளியலறை விளக்கை எரியவிடலாம். விழுந்து தலை அடிபட்டால் மட்டும், வெளியில் காயம் தெரியாவிட்டாலும், ப்ரொந்தோ சொக்கோர்சோவுக்குக் கொண்டுபோக வேண்டும்.

இத்தாலிய வீடு ஒவ்வொன்றிலும் ஓக்கி, மொமெந்த், அவ்லின், வோல்த்தாரென் என்று ஏதாவது ஒரு நோ மருந்து மேசை லாச்சியில் கிடக்கும். தலையிடிக்கும் முழங்கால் நோவுக்கும் கேட்காமலே எடுக்கிறார்கள். இக்குளிசைகளுடன் அவை சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் போகலாம். தாக்கிப்பிரினா ஒருவேளை இருவேளை எடுப்பது பாதுகாப்பானது. கூமதின் எடுப்பவர்கள் அதைப் பல நாள் தொடர்வதென்றால் வைத்தியருக்குச் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து வரும் நாட்டு மருந்து, மூலிகைக் குளிசை எல்லாவற்றையும் அப்படியே வைத்தியருக்குக் காட்டுங்கள். கறியிற் போடும் மஞ்சளுக்கும் உள்ளிக்கும் பயப்படத் தேவையில்லை. பல்லுப் பிடுங்கப் போகும்போதும் பல் வைத்தியருக்கு முதலிற் சொல்லுங்கள், நீங்களாகவே இரண்டு நாள் முன்பு நிறுத்திவிட்டுப் போகாதீர்கள்.

கோயில் சார்ந்த சில விடயங்களையும் ஒளிக்காமல் எழுதுகிறோம். இக்குளிசை எடுப்பவர்கள் அலகு குத்துவதும் செடில் காவடி எடுப்பதும் கூடாது. நேர்த்திக்கடன் இருக்கிறதே என்று எம்மிடம் கேட்ட ஒருவருக்குப் பாற்காவடி எடுக்கும்படி சொன்னோம், எடுத்தார். கந்தசஷ்டியின் ஆறு நாளும் ஒருபொழுது இருப்பவர்கள், அந்த ஒருபொழுதுச் சாப்பாட்டு நேரத்துக்கு சரெல்தோவை மாற்றலாமா என்று முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளலாம். தண்ணீர் மட்டும் குடித்து இருப்பவர்கள் அதையும் சொல்லியே ஆக வேண்டும், உடல் வறண்டால் சிறுநீரகம் தளரும், மருந்து உடலில் தங்கிவிடும். குளிசை போடுவதால் விரதம் முறிவதில்லை. ஊருக்குப் போகிறவர்கள், போகும் நாட்களுக்கு மேலதிகமாக இரண்டு கிழமைக்குரிய குளிசையைக் கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள். பெட்டியில் போட்டால் பெட்டி ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம் போன கதைகள் எமக்கு நிறையத் தெரியும்.

இப்பாடத்தின் சுருக்கத்தை இத்தாலிய மொழிப் பக்கத்தில் தந்திருக்கிறோம். பிள்ளைகள் வாசித்து வீட்டுப் பெரியவர்களின் பெட்டிகளுடன் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

கடைசியாக, முகம் ஒருபக்கம் கோணினால், ஒரு கை தூக்க இயலாது போனால், பேச்சுக் குழறினால், மெடிக்கோ டி பாசேக்கு அழைத்துக் காத்திருக்க வேண்டாம். 112 அல்லது 118. கட்டியைக் கரைக்கும் மருந்தை முதல் நாலரை மணித்தியாலத்துக்குள்ளேயே கொடுக்கலாம், ஆகவே கடைசியாக எத்தனை மணிக்கு நோயாளி சுகமாக இருந்தார் என்பதைக் கேட்பார்கள். அத்துடன் அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்ல வேண்டிய வசனம் ஒன்று உண்டு: "ப்ரெந்தே உன் அந்திகோஆகுலாந்தே", இவர் இரத்தம் உறையாத குளிசை எடுக்கிறார் என்பது பொருள். குளிசையின் பெயரையும் கடைசியாகப் போட்ட நேரத்தையும் அதனுடன் சேர்த்துச் சொல்லுங்கள். இவற்றை ஒரு சிறு கடதாசியில் எழுதி, தெஸ்ஸெரா சனித்தாரியாவுடன் சேர்த்து வைக்கலாம். எழுதத் தெரியாதவர்கள் வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வரும்போது பெட்டிகளைக் கொண்டுவாருங்கள், எழுதித் தருகிறோம்.